ஆகாய வழியில் பத்து மணி நேரம்

எங்கள் தோட்டத்தில் யாருக்காவது ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் வருவார்கள். நான் சின்னக் கிராணி. சுங்கைப் பட்டாணியிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் அது. விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதும், மரப்பட்டையை வெட்டி வடித்துக் கொண்டுவரும் பாலை நிறுத்து எழுதுவதும் என் வேலை. கூலிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துச் சனங்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வாரத்தில் இரண்டு நாள் தபால் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போவேன். பினாங்கில் கப்பல் ஏறினால் நாகப்பட்டினத்துக்கு ஆறு நாள். கடல் சரியில்லாவிட்டால் ஏழு. கடிதம் போய்ப் பதில் வர ஏறக்குறைய ஒரு மாதம். ஆகாயத் தபால் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஒட்டும் தபால்தலையை எங்கள் தோட்டத்தில் ஒருவரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

யுத்தம் வந்த வருஷம் ஐப்பசியில் என் மனைவி தலைப்பிரசவத்துக்காக நாகப்பட்டினம் போனாள். அவளுக்கு வயது பத்தொன்பது, எனக்கு இருபத்து நாலு. ஏழாம் மாதத்தில் கப்பல் பயணம் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அவளுக்கு அம்மாவிடம் போக வேண்டும். ஆறு நாள்தானே என்று நானும் அனுப்பிவைத்தேன்.

அவள் போன பிறகு ஜப்பான்காரன் சண்டைக்கு வரப்போகிறான் என்று பேச்சு வந்தது. ஒருநாள் காலைப் பெரட்டு முடிந்ததும் எங்கள் கங்காணி, ஐம்பது வயது மனிதர், எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"கிராணி ஐயா, ஜப்பான் எங்க இருக்கு? இங்க வந்துருவானா?"

ஆபீசில் ஒரு பெரிய உலகப் படம் மாட்டியிருந்தது. அதில் முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். "மூவாயிரம் மைலுக்கு மேல இருக்கு. கப்பல்ல வந்தா ரெண்டு மூணு வாரம். பிளேன் அவ்வளவு தூரம் பறக்காது. எண்ணெய் தீர்ந்து நடுக்கடல்ல விழுந்துரும்" என்றேன்.

சனங்கள் நிம்மதியாக வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குப் போனார்கள். எனக்கும் நான் சொன்னதில் பெருமைதான்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். நான் கங்காணியோடு மூன்றாம் நம்பர் காட்டில் நின்றிருந்தேன். வடகிழக்கே இரைச்சல் கேட்டது. மர இடுக்கில் அண்ணாந்து பார்த்தோம். வெள்ளி நிறத்தில் பிளேன்கள் வரிசையாகப் போயின. "நம்ம பிளேன்தான் லா" என்று யாரோ சொன்னார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைப் பிடித்த கையோடு வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு தரை அதிர்ந்தது. சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது. பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த மங்குகள் கழன்று கழன்று விழுந்தன. வெள்ளைப் பால் வேர்களின் மேல் ஓடியது. டவுன் பக்கம், விமானத் திடல் இருந்த திசையில், கறுப்புப் புகை எழும்பி அப்படியே நின்றது. யாரும் ஓடவில்லை. ஓட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கங்காணி புகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வராதுன்னீங்களே, கிராணி ஐயா."

குரலில் கோபமில்லை. அதனால்தான் அது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் பங்களா முன்னால் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பிளேன்கள் எங்கேயிருந்து வந்தன என்று அவரிடம் கேட்டேன். "சைகோன். மூன்று மணி நேரம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சைகோன் எனக்கு அரிசி மூட்டையில் அச்சிட்டிருந்த ஊர். ஆபீசுக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன். கடலைத் தாண்டி, என் விரல்நுனி அகலத்தில் இருந்தது. ஐந்நூற்றைம்பது மைல்கூட நிறைவாக இருக்காது. தோக்கியோவிலிருந்து அளந்தேனே தவிர, அவன் ஏற்கனவே எதுவரை வந்துவிட்டான் என்று பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று முதல் எனக்கு ஒரே நினைப்பு. சுங்கைப் பட்டாணியில் குண்டு விழுந்த செய்தி இந்தியப் பத்திரிகையில் வந்துவிடும். நிறைமாதமாக இருக்கிறவள் அதைக் கேட்டு என்ன ஆவாள்? 'நான் நலம்' என்று ஒரு தந்தி கொடுத்துவிட வேண்டும். டவுனில் தந்திக் கம்பி முழுவதும் பட்டாளத்துக்கு என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பினாங்குக்குத் தோணி ஏறினேன். தந்தி முடியாவிட்டால் தபாலிலாவது சேர்க்கலாம் என்று ஒரு கடிதமும் எழுதி, அவள் விலாசத்தோடு கோட்டுப் பையில் வைத்திருந்தேன். கிராணிமார் எல்லாரும் போடுகிற வெள்ளைக் கோட்டு அது.

தந்தி ஆபீசில் நீண்ட வரிசை. என் முறை வந்தபோது தனியார் தந்தி கிடையாது என்றார்கள். வெளியே வந்து தெருவில் நடக்கும்போது என் மனைவியின் தெருக்காரர் ஒருவர் எதிரே வந்தார். பினாங்கில் மிளகாய் மண்டி ஒன்றில் வேலையாக இருந்தவர்.

"என்ன மாப்பிள்ளை இந்த நேரத்துல? வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்."

"இல்லீங்க, தோணி போயிரும். இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நூறடி நடந்திருப்பேன். பிளேன் சத்தம் கேட்டது. கடைகளிலிருந்து சனங்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் மட்டும் சாக்கடைக்குள் குதித்தேன். நான் புத்திசாலி என்பதால் இல்லை. எனக்கு அந்தச் சத்தம் முன்பே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தேன் என்று தெரியவில்லை. ஏறி வந்தபோது காது கேட்கவில்லை. ஆட்கள் வாயைத் திறந்து ஓடினார்கள், சத்தமே இல்லை. சாக்கடை ஓரத்தில் என் வயதுக்காரர் ஒருவர், என்னைப் போலவே வேட்டி கட்டியிருந்தவர், கிடந்தார். முகத்தில் ஒரு பக்கம் இல்லை, மறுபக்கம் முழுக்க இரத்தம். ஆனாலும் உடம்பு குளிரில் நடுங்குவது போல நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினேன். நடுக்கம் நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு படகுத்துறைக்குப் போய்விட்டேன். ஒரு சம்பானில் அக்கரை சேரும்போதுதான் கடிதம் கோட்டோடு போய்விட்டது நினைவுக்கு வந்தது. வேறொன்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வேறொன்று எழுதினேன். அதைப் போட டவுனில் தபாலாபீஸ் திறந்திருக்கவில்லை. சில நாளில் ஜப்பான் பட்டாளம் சைக்கிளில் வந்து சேர்ந்தது.

மூன்றே முக்கால் வருஷம் அந்த ஆட்சி. ரப்பருக்கு வேலையில்லாமல் மரவள்ளி நட்டோம். அதையே தின்றோம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொன்னார்கள். இனிமேல் தோக்கியோ நேரம்தான் என்றார்கள். பெரட்டு மணி அடிக்கும்போது வானம் கறுப்பாக இருக்கும். எதிரே நிற்கிறவர் முகம் தெரியாமல் குரலை வைத்துத்தான் ஆஜர் போட்டேன். ஒரு மழைக்காலத்தில் சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லி எங்கள் லயத்திலிருந்து இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டியலை நான்தான் எழுதினேன். எழுதாவிட்டால் அவர்களே எழுதியிருப்பார்கள் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். கங்காணியின் ஒரே மகன் அதில் நாலாவது பேர். சயாம் எவ்வளவு தூரம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அதற்குள் என்னிடம் தூரம் கேட்பதை எல்லாரும் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வரி வரவில்லை. கப்பல் இல்லை, தபால் இல்லை. தை மாதம் பிள்ளை பிறந்திருக்கும். ஆணா பெண்ணா தெரியாது. இந்நேரம் குப்புற விழும், இந்நேரம் நடக்கும், இந்நேரம் பேசும் என்று நானாகக் கணக்கு வைத்துக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளாக நினைத்து வளர்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் மகன், ஒரு நாள் மகள்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, புரட்டாசிக் கடைசியில், திரும்பி வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் விமானத் திடலில் குண்டு விழுந்த குழிகளைத் தூர்க்க ஆள் கேட்டது. கூலிக்கு அரிசி. கங்காணியும் நானும் நாற்பது பேரை நடத்திக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பிளேன் வந்து இறங்கியது. அவ்வளவு பக்கத்தில் நான் பிளேனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தம் கேட்டதுமே எங்கள் ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் படுத்துவிட்டார்கள். நானும் படுத்தேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, இறங்கி வந்த காக்கி உடுப்பு ஆள் ஒருவர் எங்களைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"பயப்படாதீங்க. எந்திரிங்க, எந்திரிங்க."

பிளேனில் வயர்லெஸ் பார்க்கிறவராம். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். மாயவரம் பக்கம் என்றார். நாகப்பட்டினத்துக்கு அவ்வளவு பக்கத்து ஊரின் பேரைக் கேட்டதுமே நான் அவர் கிட்டப் போனேன்.

"இப்ப எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டேன்.

"கல்கத்தா. நேத்துக் காலையில கிளம்பினோம். மத்தியானம் ரங்கூன். அங்க தங்கிட்டு இன்னிக்கு விடிஞ்சதும் ஏறினோம்."

"எத்தனை நாளாச்சு?"

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "நேத்துதான் சார். ஆகாயத்துல இருந்தது நேத்து நாலு மணி நேரம், இன்னிக்கு ஆறு. மொத்தம் பத்து மணி நேரம் வெச்சுக்குங்க."

"பத்து மணி நேரமா, பத்து நாளா?"

"மணி சார். ஆயிரத்து நானூறு மைல் சொச்சம்தானே. மெட்ராஸ்லேருந்து நேரா பறந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்."

நான் நம்பாதது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடு சுற்றி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். கல்கத்தாப் பத்திரிகை. மேலே தேதி இருந்தது. முந்தின நாள் தேதி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றே முக்கால் வருஷமாக என் மனைவி இருந்த ஊர் எனக்கு இன்னோர் உலகம். சாமி கும்பிடும்போதுகூட அவளை வானத்தில் எங்கோ வைத்துத்தான் நினைப்பேன். அவள் பத்து மணி நேரத்தில் இருந்திருக்கிறாள். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விளக்கேற்றும் நேரத்துக்குள் போய்ச் சேருகிற தூரம். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ என்னை அறைந்தது போல இருந்தது.

"சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் அவர்.

கடிதம் எழுதித் தந்தால் கொண்டுபோய்க் கல்கத்தாவில் தபாலில் போடுவதாகவும், பதில் தன் முகாம் விலாசத்துக்கு வரட்டும் என்றும் அவரே சொன்னார். பெரட்டுத் தாளின் பின்பக்கம், முழங்காலில் வைத்துப் பென்சிலால் எழுதினேன். உயிரோடு இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய், பிள்ளை என்ன பிள்ளை. அதற்கு மேல் எழுத வரவில்லை. லயத்துச் சனங்களுக்காக நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதிய கை அது.

மூன்று வாரம் கழித்து அதே பிளேன் வந்தது. மாயவரத்துத் தம்பி தூரத்திலிருந்தே உறையை ஆட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். நான் பிரிப்பதைப் பார்க்கச் சிரித்த முகத்தோடு பக்கத்திலேயே நின்றார்.

எழுத்து என் மாமனாருடையது. ஆனால் 'மாப்பிள்ளைக்கு' என்று தொடங்கவில்லை. 'இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு' என்று தொடங்கியிருந்தது.

'என் மருமகன் நாலு வருஷத்துக்கு முன் கார்த்திகை மாதம் பினாங்கில் குண்டு விழுந்து இறந்துபோனார். அதைக் கண்ணால் பார்த்த எங்கள் தெருக்காரர் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் தப்பி வந்து எங்களிடம் சொன்னார். மருமகனின் கோட்டுப் பையில் இருந்த கடிதத்தையும், இரத்தக் கறையோடு, கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை பெற்று இருபது நாளில் என் மகள் தாலியை இறக்கினாள். அவர் பேரைச் சொல்லி எழுதுகிற நீர் யார்? எழுத்தைப் பார்த்து நாங்கள் ஏமாற மாட்டோம். ஒரு விதவையின் வீட்டில் விளையாட வேண்டாம். இன்னொரு கடிதம் வந்தால் போலீசுக்குப் போவோம்.'

முழுவதும் படித்தேன். எழுத்துகள் தெரிந்தன, பொருள் பிடிபடவில்லை. இரண்டாவது தடவை படித்தபோது 'இறந்துபோனார்' என்ற சொல்லில் யாரோ தெரிந்தவருக்காக வருத்தப்படுவது போல ஒரு வருத்தம் வந்தது. அது நான் என்பது அப்புறம்தான் உறைத்தது. காகிதத்தை மாயவரத்துத் தம்பியிடம் நீட்டினேன். அவர் படித்தார். சிரிப்புப் போய்விட்டது. நிமிர்ந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அது நீங்கதானே?"

அந்த ஒரு கணம் எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்தத் தெருக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். டீக்குக் கூப்பிட்ட ஆள், குண்டு நின்றதும் என்னைத் தேடி ஓடி வந்திருக்கிறார். முகம் அடையாளம் தெரியாத ஒருவர் மேல் என் கோட்டு கிடந்திருக்கிறது, பையில் என் கடிதம். வேறு என்ன நினைப்பார்?

தோட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். கங்காணி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நாலு வருசமா செத்த ஆளுதான் எங்களுக்குப் பேரு கூப்பிட்டீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கிட்ட வந்தார்.

"என் மவனும் செத்துட்டான்னுதான் சயாம்லேருந்து வந்தவனுங்க சொல்றானுங்க. உங்களையும் அப்படித்தானே சொல்லியிருக்கானுங்க. ஒரு கடுதாசி போட்டுப் பாருங்க, கிராணி ஐயா."

எந்த விலாசத்துக்கு என்று நான் கேட்கவில்லை. சயாம் ரயில் ரோடு என்று எழுதி, மகன் பேரைப் போட்டு, டவுனில் வந்திருந்த பட்டாளத்து ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. கங்காணி உயிரோடு இருந்தவரை வாரம் ஒருமுறை என்னைப் பார்ப்பார். கேட்க மாட்டார், பார்ப்பார்.

என் கதைக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது எது என்று இரண்டு நாள் யோசித்தேன். பினாங்குத் துறைமுகத்தில் அவளை ஏற்றிவிட்ட அன்று, ஏழு மாத வயிற்றில் கால் வீங்கி மெட்டி விரலை அறுத்துக்கொண்டிருந்தது. மெட்டியைக் கழற்றினால் அம்மா கொன்றுவிடுவாள் என்று அழுதாள். சோப்புத் தண்ணீர் வாங்கி வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நான்தான் கழற்றினேன். "கப்பல்ல விழுந்துருச்சுன்னு சொல்லிக்கிறேன். நீங்க வெச்சிருங்க" என்று இரண்டையும் என்னிடம் கொடுத்தாள். அதில் ஒன்றை, மலேரியா வந்து பிழைக்க மாட்டேன் என்றிருந்தபோது, கொய்னா மாத்திரைக்கு மாற்றிவிட்டேன். ஒன்று இருந்தது.

அதைத் துணியில் தைத்துக் கடிதத்துக்குள் வைத்தேன். விதவையாக இருக்கிற பெண்ணுக்கு மெட்டி அனுப்புகிறேன் என்பது தைக்கும்போதுதான் தோன்றியது. ஊசி இரண்டு தடவை விரலில் குத்தியது. மாயவரத்துத் தம்பி உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "இதைத் தபால்ல போட மாட்டேன் சார். எனக்கு லீவு வருது. நானே போறேன்" என்றார்.

போனார். கார்த்திகைக் கடைசியில் பதிலோடு வந்தார். இந்தத் தடவை எழுத்து அவளுடையது. அரைப் பக்கம்தான். 'மெட்டி வந்தது. இன்னொன்று எங்கே?' என்று தொடங்கியிருந்தாள். அம்மாவுக்கு மூன்று நாளாகப் பேச்சில்லை, அப்பா உங்கள் படத்தில் இருந்த மாலையை எடுத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார், மகளுக்கு இந்தத் தையில் நாலு முடிகிறது என்று எழுதியிருந்தாள். கடைசியில், 'நாலு வருஷமாக நான் வேறு ஒருத்தியாக இருந்துவிட்டேன். மறுபடி பழையபடி ஆவேனா தெரியவில்லை. தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள்' என்று இருந்தது.

என் மனைவி எப்படி இருந்தாள் என்று மாயவரத்துத் தம்பியைக் கேட்டேன். "மெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னாங்க சார். அழலை. நீங்க நல்லா ஒல்லியா இருக்கீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

அவர்கள் வரப் பிளேன் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டேன். கிடையாது, அது பட்டாளத்துக்கு மட்டும் என்றார். பத்து மணி நேரத்தில் வரக்கூடியவர்களுக்குக் கப்பல் சீட்டுக் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. கடலில் ஏழு நாள், பிறகு நோய்ப் பரிசோதனைக்கென்று தீவில் ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் பினாங்குக் கரையிலிருந்து பார்த்தால் அந்தத் தீவு தெரிந்தது.

படகிலிருந்து இறங்கியபோது அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பச்சைப் புடவை, வெறும் நெற்றி. முகத்தில் எலும்பு தெரிந்தது. அவளும் என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். மகள்தான் கையை நீட்டிக் காட்டினாள். அவள் படத்தில் தினமும் பார்த்த முகம் என்னுடையது. என் கிட்ட வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் செத்துப்போனவங்களா?"

என் மனைவி அவள் வாயைப் பொத்தப் போனாள். நான் "ஆமா" என்றேன். குழந்தை அதைச் சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு, கரையில் விற்ற ரம்புத்தானைப் பார்த்து அது என்ன என்று கேட்டாள்.

பஸ்ஸில் சுங்கைப் பட்டாணிக்கு வரும் வழியில்தான் என் மனைவி கோட்டைப் பற்றிக் கேட்டாள். ஏன் கழற்றினேன் என்று சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவரு யாரு?"

"தெரியாது. பேரு கேக்குற நிலையில அவரு இல்ல."

வெகுதூரம் போன பிறகு சொன்னாள். "வருசா வருசம் கார்த்திகையில உங்களுக்குப் பிடிச்சதெல்லாம் செஞ்சு படைச்சேன். அதெல்லாம் அவருக்குத்தான் போயிருக்கு. அவரு வீட்டுல என்னைப் போல ஒருத்தி இன்னும் காத்துக்கிட்டு இருப்பா." அப்போதுதான் அழுதாள். நாலு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷம் பஸ்களில் பெண்கள் அழுவது புதிதல்ல.

டவுன் கோயிலில் மறுபடி தாலி கட்டினேன். தோட்டத்தில் கங்காணி வீட்டம்மா சோறு போட்டார். நாங்கள் குடும்பம் நடத்தினோம். இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் வெகுநாள்வரை, வேலை முடிந்து நான் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், செய்துகொண்டிருக்கிற வேலையில் அவள் கை ஒரு கணம் அப்படியே நின்றுவிடும். அரிசி களையும் கையானாலும் சரி, குழந்தைக்குத் தலை பின்னுகிற கையானாலும் சரி. என்னைப் பார்ப்பாள், மூச்சு விடுவாள், பிறகு கை அசையும். அது மாற இரண்டு வருஷம் பிடித்தது. மகளுக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. எட்டாம் நாள் காலை பெரட்டுக்குக் கிளம்பிய என் பின்னாலேயே ஓடி வந்து, "அப்பா, நானும் வர்றேன்" என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.